பையை யார் பார்த்துக்கொள்வது?

அந்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால், இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி வருகிறது. வனத்துறையின் காவலில் இருக்கும் காடு. வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும். இவ்வளவு சொன்னால் போதும். பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் சிப்ஸ் பாக்கெட்டும் பாட்டுப் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார்கள். நம் ஆட்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கூவத்துக்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்ததும் அதே கூவத்துக்கு இன்னும் கொஞ்சம் மேற்கே. திருவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் முந்தானையாலும் கர்ச்சீப்பாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அதுதான் எனக்குத் தெரிந்த ஆறு. மழைக்காலத்தில் சில நாள் அது ஆறு மாதிரி ஓடும். அப்போதும் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் பார்ப்போம். கல்லில் மோதிச் சத்தம் போட்டு, அடியில் கூழாங்கல் தெரிய ஓடுகிற தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், லீவு நாளில் கூட்டாளிகள் சேர்ந்தால் போதும், பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, "மேல்மடு கீதே, தண்ணி அப்பிடியே கண்ணாடியாட்டம் கீது" என்று கையை விரித்துக் காட்டுவார். ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் இடத்தை மடு என்பார்கள். அங்கே கீழ்மடு, மேல்மடு என்று இரண்டு உண்டாம். மேல்மடுவைப் பார்க்காதவன் அங்கே போனதாகவே கணக்கில்லையாம். அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் அவருடைய ஈரப் பேன்ட்டை அலசுவேன். பாக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக மணல் இருக்கும். அந்த மணல் எங்கள் பாத்ரூம் தண்ணீர் போகும் வழியில் அடைத்துக்கொள்ளும், நான்தான் குச்சியால் குத்தி எடுத்துவிடுவேன். அந்த ஆற்றோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

என்னையும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்காமல் இல்லை. "பொம்பளைங்க ஏற முடியாதுமே" என்றார் முதலில். பிறகு பிள்ளைகள் வளரட்டும் என்றார். பிறகு ரிடையர் ஆகட்டும் என்றார். கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் வலித்துவிட்டது, கேட்பதை விட்டுவிட்டேன்.

வெளியூர் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. போயிருக்கிறோம். போன இடத்தில் எல்லாம் நான் பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெரினாவில் எல்லோரும் அலையில் கால் நனைக்க ஓடுவார்கள், செருப்பு, பர்ஸ், வாட்ச் எல்லாம் என் மடியில் வந்து விழும். குற்றாலத்துக்குப் போனபோது துண்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியும் என் தோளில். அருவி எல்லோர் மேலும் விழுந்தது, என் மேல் சாரல் மட்டும் விழுந்தது. மகாபலிபுரத்தில் நான் பார்த்தது ஒரு வேப்பமரத்தடி. யாரும் என்னை அதட்டி உட்கார வைத்ததில்லை. "பையைக் கொஞ்சம் பாத்துக்கோ, தோ வந்துடறோம்" என்பார்கள், அவ்வளவுதான். அந்தத் 'தோ'வுக்குள் என் பாதி வயது போய்விட்டது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் முட்டி போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். சாதாரண ஆளாகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தேன். சூப்பர்வைசரானாலும் நாற்காலி கிடையாது, சிமென்ட் தரையில் நின்றபடியேதான் வேலை. வேலையை விட்டு வந்த பிறகு இரண்டு முட்டியும் சேர்ந்து கணக்குத் தீர்க்க ஆரம்பித்தன. மாற்றிவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. "அதுக்கப்புறம் சமதரையில நல்லா நடக்கலாம்மா, படி ஏறலாம். ஈரப் பாறை, மலை, அதெல்லாம் மட்டும் மறந்துடுங்க" என்றார்.

மறந்துடுங்க என்று அவர் சொன்னதும் எனக்கு மேல்மடு ஞாபகம் வந்தது. பார்க்காததை எப்படி மறப்பது? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மேல்மடுவ நான் பாத்தாவணும். எப்பிடிக் கூட்டிக்கினு போவீங்களோ, தெரியாது."

இந்தத் தடவை அவர் தட்டிக்கழிக்கவில்லை. நாங்கள் இருவரும் காலையில் ஏரிக்கரை நடைபாதையில் நடக்கப் போவோம். அங்கே ஒரு நடைக் கூட்டம் உண்டு. பெரும்பாலும் புது ஃப்ளாட்டுகளில் குடியிருக்கும் ஐ.டி.க்காரர்கள், ரிடையரான சிலர். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இவர் போட்டார்: "என் மனைவிக்கு ஆபரேஷன். அதற்கு முன் அவளுக்கு ஒரு முறை இயற்கையைக் காட்ட ஆசை. வருகிறவர்கள் வரலாம்." அடியில் பூங்கொத்துகளும் கைகூப்பல்களும் வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் நடைபாதையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்கள். ஊருக்கு நல்லவர் என் வீட்டுக்காரர். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தேன். அன்று உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன்.

கார் வைத்திருந்தவர்கள் அதை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு வர, ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பினோம். அதில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். மற்ற வீட்டுப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, துணி, பிள்ளைக்குப் பரீட்சை. இன்னொருத்தி பட்டாபிராமில் புதுக் குடியிருப்பில் இருப்பவள், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், முப்பதைத் தொட்டிருப்பாள். பைபாஸ் ரோட்டில் பெரிய கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை. அவளுக்குக் கீழே ஆண்களும் பெண்களுமாக ஒரு பட்டாளமே வேலை செய்கிறது என்று அவள் புருஷன் பெருமையாகச் சொல்வான். அவன் முகப்பேரில் பிறந்து வளர்ந்தவன், நல்ல பையன்தான்.

சாப்பாட்டை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். புளிசாதம் நான், தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் அவள். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பதால் எல்லாம் எவர்சில்வர் தூக்குகளில். அது என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் இறங்கும்போது இவர் கேட்டார். "கயிறு எடுத்துக்கினியா? ஈரத் துணி காயப் போடணுமே." எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கிளம்பினால் என் பையில் ஒரு சுருள் கயிறு இல்லாமல் இருக்காது. பேக்கிங்கில் வந்த பழக்கம், போகவில்லை.

காட்டு வாசலில் காவலர் பைகளைத் திறந்து பார்த்துவிட்டு, வெயில் இறங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். அங்கிருந்து முள்ளுக்காட்டு வழியாக நடை. ஆரம்பத்தில் மண் பாதை. அப்புறம் சரளை. அப்புறம் உருண்டைக் கல். கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தேன். முட்டி ஒவ்வொரு கல்லுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் காதில் தண்ணீர்ச் சத்தம் விழ ஆரம்பித்ததும், வலி இருக்கிறதே என்ற நினைப்பு கொஞ்சம் தள்ளிப் போனது. கீழ்மடு வந்தது. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் பாறை, ஒரு ஓரம் மணல் திட்டு. அதே வெள்ளை மணல். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். என் பாத்ரூமை அடைத்த மணல் இதுதானா என்று சிரித்தேன்.

நிமிர்வதற்குள் என் பக்கத்தில் பைகள் வந்து சேர்ந்துவிட்டன. தூக்குகள், துண்டுகள், மாற்றுத் துணி. அப்புறம் ஒவ்வொருவராக வந்து, "ஆன்ட்டி, இது கார் சாவி, உள்ள வெச்சிடுங்க", "அக்கா, மூக்குக்கண்ணாடி", "அம்மா, போன், தண்ணில விழுந்துடும்" என்று என் பெரிய ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டார்கள். நானும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்! கை தானாக வாங்குகிறது. கடைசியில் இவர் வந்தார்.

"நீ இங்கயே உக்காந்துக்கோமே. மேல பாறை வழுக்கும், காலு தாங்காது. பையைப் பாத்துக்கினா மாதிரியும் ஆச்சு."

"மேல்மடுவப் பாக்கத்தானே வந்தேன்?"

"அதான் வீடியோ எடுத்தாரேன்ல? இங்க கீறதுதான் அங்கயும் கீது. அதே தண்ணிதான்."

அதே தண்ணியாம். இத்தனை வருஷம் மேல்மடு, மேல்மடு என்று என் காதைப் புளிக்க வைத்த ஆள். என் வாய்க்கு ஒரு பதில் வருவதற்குள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறிவிட்டார். ஆட்கள் எல்லோரும் வரிசையாக அவர் பின்னால். வளைவில் திரும்பிக் காணாமல் போனார்கள். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கொஞ்ச நேரம் மலைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் அந்தத் திருநெல்வேலிப் பெண் தூக்குகளை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ போகலையா?"

"இல்ல ஆன்ட்டி. அவங்க போய்ட்டு வரட்டும். யாராவது ஒராள் இருக்கணும்லா? நீங்க வேணும்னா மெதுவாப் போங்க, நான் இருக்கேன்."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் மேல் வந்ததைவிட இவள் மேல் வந்த கோபம் பெரிது. நான் அந்தக் காலத்து மனுஷி, சொன்னால் உட்காருவேன். இவள் ஆபீஸில் உட்கார்ந்து பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், தாமிரபரணியில் குதித்து வளர்ந்ததாக வேனில் சொல்லிக்கொண்டு வந்தவள். இவளும் வந்து என் பக்கத்தில், என் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டால், எனக்கு அப்புறம் இந்தக் காவலுக்கு முடிவே இல்லை.

"உனக்கு நீச்சல் தெரியும்தானே?"

"நல்லாத் தெரியும்."

"உன் வீட்டுக்காரனுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "முழங்கால் தண்ணிக்கே பயப்படுவாங்க."

"நீச்சல் தெரியாதவன் மேல்மடுவுக்குப் போறான். தெரிஞ்சவ தூக்குக்குக் காவல் இருக்கறியா? யாராச்சும் இருக்கணும்னா அந்த யாராச்சும் ஏன் எப்பவும் நாமளாவே கீறோம்?"

அவள் பைகளைப் பார்த்தாள். "குரங்கு வந்துட்டா?" என்றாள். நியாயமான கேள்வி. பாறைக்கு மேலே இரண்டு குரங்குகள் ஏற்கெனவே எங்களை எடை போட்டுக்கொண்டிருந்தன.

அப்போதுதான் என் கை வேலை செய்ய ஆரம்பித்தது. இது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய தூக்கு அடியில், சின்னது மேலே, இடுக்குகளில் துண்டுகள், நடுவில் சாவியும் போனும் கண்ணாடியும் இருந்த ஜவுளிக்கடைப் பை. எல்லாவற்றையும் உட்கார எடுத்து வந்த படுக்கை விரிப்பால் சுற்றி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, ஒரு பாறை இடுக்கில் செருகி, பாறையோடு சேர்த்துக் கட்டினேன். கடைசியில் லாரியில் ஏறும் பெட்டிகளுக்கு நாங்கள் போடும் முடிச்சு. எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். மற்றவர்கள் இழுக்க இழுக்க இறுகும். கர்நாடகா வரைக்கும் போன சரக்கு அந்த முடிச்சில் அசைந்தது கிடையாது, குரங்கு எம்மாத்திரம். அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"வா" என்றேன்.

ஏறினேன் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பாதி இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தேன். பாதி இடத்தில் அவள் மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். கைத்தடி ஓரிடத்தில் தண்ணீரோடு போய்விட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். மலைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நெருங்கி வந்தன. வானம் ஒரு புடவை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. உயரத்தில் பாறையோடு பாறையாகத் தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கின. முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு திட்டு. யாரைத் திட்டினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மேலே ஒரு வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள். பார்த்து முடித்துவிட்டார்கள். எல்லோரும் தலை ஈரமாக, முகமெல்லாம் பளபளப்பாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். "அய்யய்யோ, பை?" என்றார்.

அடுத்து அவள் புருஷன். "நீ ஏன் வந்தே? கார் சாவியெல்லாம் அதுலதானே கீது?"

மூன்றாவதாக என் வீட்டுக்காரர். கையில் போன், அதில் எனக்காக எடுத்த வீடியோ. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் முட்டியோடு, கைத்தடி இல்லாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பாக, அவருடைய பெண்டாட்டி பாறைமேல் நிற்கிறாள். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"பையை யாரு பாத்துக்கினு கீறாங்க?" என்றார்.

ஆட்கள் முன்னால் நான் அவரை எப்போதும் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யோவ்! நீ போய்ப் பாத்துக்கோயா!"

எல்லோரும் கேட்டார்கள். மலையும் கேட்டது. அந்த இடுக்கில் எது சொன்னாலும் திருப்பிச் சொல்லும் போலிருக்கிறது. "பாத்துக்கோயா" என்று எதிர்ச் சுவரிலிருந்து இன்னொரு தடவை அவர் காதில் விழுந்தது. யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"இன்னாமே, எல்லாரும் கீறாங்க" என்றார் மெதுவாக. "சரி வா, நானும் கூட வரேன். மறுபடி ஏறணும், அவ்ளோதானே."

"வேணாம். நீ எத்தினி வாட்டி பாத்துட்ட. கீழ போய் பைகிட்ட உக்காரு. தோ வந்துடறேன்."

அந்தத் 'தோ'வை நான் அழுத்தித்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. வெயில் இறங்குது, சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னார். அவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கினார்கள். சாவியின் கவலை அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது.

அடுத்த வளைவுதான் மேல்மடு.

அதே தண்ணி என்று சொன்னாரே, பொய். அது அதே தண்ணீர் இல்லை. கீழே பச்சை, இங்கே கறுப்பு. பாறை இரண்டாகப் பிளந்த இடத்திலிருந்து வெள்ளையாக விழுந்து, விழுந்ததும் சத்தமெல்லாம் அடங்கிக் கறுப்பாக நின்றது. வெயில் நடுவில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் மீன்கள் வந்ததும் தெரிந்தன, கோட்டைத் தாண்டியதும் காணாமல் போயின. அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுடிதாரோடு குதித்து, அக்கரைவரை போய்ப் பாறையைத் தொட்டுவிட்டு மல்லாந்து மிதந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஏரிக்கரையில் நான் பார்த்ததில்லை.

நான் பாறையைப் பிடித்துக்கொண்டு மெதுமெதுவாக இறங்கினேன். முட்டி வரைக்கும், இடுப்பு வரைக்கும், கழுத்து வரைக்கும். தண்ணீர் என் கனத்தை எடுத்துக்கொண்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முட்டி இரண்டும் வாயை மூடின. என் கையில் ஒன்றும் இல்லை. மடியில் ஒன்றும் இல்லை. தோளில் யாருடைய துண்டும் இல்லை. அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதீர்கள், ஆத்திரத்தில். இது எங்கள் வீட்டிலிருந்து ஒரு வேன் தூரத்தில் இத்தனை காலமும் இருந்திருக்கிறது. என்னால் எழுந்து நடக்க முடிந்த காலமெல்லாம் இருந்திருக்கிறது. ஓடியே வந்திருப்பேனே, பாவிகளா!

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. அதை விட்டுவிடுகிறேன்.

கீழ்மடுவில் நாங்கள் பார்த்த காட்சியை நினைத்தால் இப்போதும் கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வரும். வேன் நிறைய வந்த ஆம்பிளைகள் என் மூட்டையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பசி. உள்ளே புளிசாதம். உள்ளே சாவி, கண்ணாடி, போன். கத்தியும் உள்ளேதான். ஆளுக்கு ஒரு நுனியை இழுத்து இழுத்து முடிச்சைக் கல்லாக்கி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா முடிச்சுமே இது?" என்றார்.

இறுகிப்போனதைக் கொஞ்சம் நெகிழ்த்தி, உரிய நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். விரிப்பு தானாக விரிந்தது. எனக்கும் அவளுக்கும் இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தேன். பரிமாறுவேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்களாகவே கரண்டியைத் தேடினார்கள்.

மறுநாள் குழுவில் படங்களும் வீடியோவும் வந்தன. கீழே யாரோ போட்டிருந்தார்கள்: "அருமையான பயணம். பை விஷயத்தில் மட்டும் சிறு சிரமம். இனி வரும் பயணங்களில் உடைமைகளுக்கு ஒருவர் பொறுப்பாக இருப்பது நல்லது." பன்னிரண்டு கட்டைவிரல்கள் அதற்கு. அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ அன்னிக்குப் பையப் போட்டுட்டுப் பூட்டா தெரியுமா? நல்ல காலம், ஒண்ணும் களவு போவல" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். வந்தவர்களும் சிரிப்பார்கள். மேலே என்ன பார்த்தாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. வீடியோதான் இருக்கிறதே. அவர் போனில் இருக்கும் அந்த மேல்மடுவில் நான் இல்லை. கேட்காததற்கு நானாகச் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. தியேட்டருக்குள் போகும் முன் நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தாலிச் சங்கிலி, வளையல், தோடு, மூக்குத்தி, கண்ணாடி. ஒரு துணிப் பையில் போட்டு இவர் கையில் கொடுத்தாள். "பத்திரமாப் பாத்துக்குங்க சார்."

மற்றதெல்லாம் அந்தத் திருநெல்வேலிப் பெண் பின்னால் சொன்னது. அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "அங்கிள் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல ஆன்ட்டி. பையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன், கேக்கல. பாத்ரூமுக்குக்கூடப் பையோடதான் போனாங்க."

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது. காய்ந்து, கறுத்து, ஒரே நாளில் வயசாகியிருந்தது. நெஞ்சோடு அந்தப் பை. அதன் வாயில் முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"எல்லாம் பத்திரமா கீதுமே" என்றார். "ஒண்ணும் போவல."

காலில் கட்டு, வாயெல்லாம் உலர்ந்து கிடக்கிறது, பேசவே தெம்பில்லை. ஆனால் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"யோவ். மேல்மடுல நான் இன்னா பண்ணேன்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டியா நீ?"

அவர் விழித்தார். "கேக்கலதான்" என்றார். அப்புறம், "இன்னா பண்ண?" என்றார்.

"மொதல்ல அந்தப் பையைக் கீழ வை."

"கீழ வெச்சா எவனாவது எடுத்துக்கினு பூடுவான்மே. இது ஆஸ்பத்திரி."

"போனா போவுது. வை."

சுற்றும்முற்றும் பார்த்தார். கொடுப்பதற்கு ஆள் இல்லை. குனிந்து பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி அந்தப் பையின்மேல் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்றார்.

கோபம் கோபமாகத்தான் வந்தது. சொன்னேன்.